எந்தக் கட்டத்தில் கோடு போடுவது? கம்பனிக் காப்புறுதி, தனிக் காப்புறுதி, கூட்டுறவுச் சேமிப்பு

ஒவ்வொரு டிசம்பரிலும் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு மருத்துவக் காப்புறுதிப் படிவம் வரும். பச்சைத்தாள், மூன்று கட்டங்கள். முதலாவது ஊழியருக்கு மட்டும். சம்பளத்தில் பிடிப்பு இல்லை. இரண்டாவது ஊழியர், துணை, பிள்ளைகள், சிறிய பிடிப்பு. மூன்றாவதில் பெற்றோரும் சேருவார்கள். அந்தப் பிடிப்பு சம்பளச் சிட்டையில் கண்ணில் குத்தும். கிளிநொச்சியில் ஒரு வியாபார நிறுவனத்தில் கணக்குப் பார்க்கும் எனக்கு, பதினொரு ஆண்டுகளாக இந்தப் படிவங்களும் அவற்றின் பின்னால் வரும் கோரிக்கைக் கடிதங்களும்தான் பக்கத்து மேசை.

இந்த ஆண்டு கேள்வி வீட்டுக்குள்ளிருந்து வந்தது. சின்னம்மாவின் மகன் வேறொரு நிறுவனத்தில் வேலை செய்கிறான். அங்கும் இதே மாதிரிப் படிவம். வயது 33, மனைவி, இரண்டு வயதுக் குழந்தை. விசுவமடுவில் இருக்கும் தகப்பனுக்கு இதயத்தில் அடைப்பு. “அக்கா, எந்தக் கட்டத்தில் கோடு போடுவது?” என்று கேட்டான். கேட்கும்போதே வீட்டில் மூன்று கட்சி. கம்பனிப் படிவத்தில் பெற்றோரையும் சேர்க்கலாம் என்பது அவன் எண்ணம். தெரிந்த முகவர் ஒருவர், வேலை இன்றிருக்கும் நாளை போகும், சொந்தமாக ஒரு காப்புறுதி எடு என்று மூன்று மாதமாகப் பின்னால் திரிகிறார். அவன் மனைவி, சின்னம்மாவின் மருமகளோ, இரண்டும் வேண்டாம் என்கிறாள். பெரியாஸ்பத்திரி இலவசம், அந்தக் காசைக் கூட்டுறவுச் சங்கத்தில் போடுவோம் என்பது அவள் கட்சி.

மூவரில் அடிப்படையைச் சரியாகப் பிடித்திருப்பவள் மருமகள்தான். அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரர்கள் தொலைபேசியில் சொல்லும் பயம் இங்கே பொருந்தாது. காப்புறுதி அட்டை இல்லை என்று எந்த அரச வைத்தியசாலையும் ஒருவரை வாசலில் நிறுத்துவதில்லை. சத்திரசிகிச்சைக்கும் கட்டிலுக்கும் பில் கிடையாது. 2018 முதல் இலங்கையின் வடக்கிலும் 1990-ஐ அழைத்தால் அம்புலன்ஸ் வருகிறது, அதுவும் இலவசம். ஆகவே ‘பெரிய நோய் வந்தால் யார் பணம் கட்டுவது’ என்று தொடங்குவதைவிட, இலவசமாகச் சிகிச்சை கிடைத்த பிறகும் நம் கையிலிருந்து எது போகிறது என்று தொடங்குவதே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா அடங்கிய எங்கள் வன்னிக்குச் சரி.

சித்தப்பாவின் கதையையே எடுத்துக்கொள்கிறேன். இரவு பதினொரு மணிக்கு நெஞ்சு இறுக்கம். அம்புலன்ஸ் வந்தது, பக்கத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனது, அங்கிருந்து பெரிய வைத்தியசாலைக்கு மாற்றினார்கள். எந்த ஊர், எந்த வைத்தியசாலை என்பதை விட்டுவிடுகிறேன். உயிரைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். ஒன்பது நாள் வைத்தியசாலை விடுதியில் இருந்தார். சிகிச்சைக்கு ஒரு சதமும் கேட்கவில்லை. ஆனால் சின்னம்மாவும் தம்பியும் மாறி மாறி நின்றார்கள். தினமும் சாப்பாடு, பஸ், இரவில் தங்க இடம். ஒரு பரிசோதனையை வெளியே செய்து வரச் சொல்லி ஒரு துண்டு கொடுத்தார்கள். இதயக் குழாயைப் படமெடுக்கும் அஞ்சியோகிராமுக்குத் திகதி கிடைத்தது. பின்னர் அது தள்ளிப்போனது. வீட்டுக்கு வருவதற்கு ஒரு வான். இரண்டு வாரம் தம்பி வேலைக்குப் போகவில்லை. எழுதிக் கூட்டிப் பார்த்தோம். அவனுடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியிருந்தது.

இந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கம்பனிக் காப்புறுதியைப் படித்தால்தான் அதன் உண்மையான அளவு தெரியும். ஆண்டுக்கு 4 இலட்சம் என்று முதற்பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கும். உள்ளே போனால் அந்த 4 இலட்சத்துக்குள் பல சிறு வரம்புகள். அறை வாடகைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு, பிள்ளைப்பேற்றுக்கு இவ்வளவு, மூக்குக்கண்ணாடிக்கு இவ்வளவு, பெற்றோருக்கு மொத்தத்தில் பாதி. தம்பியின் நிறுவனத் திட்டத்தில் குடும்பம் முழுவதற்கும் ஒரே வரம்பு. குழந்தைக்கு மே மாதம் ஒரு இலட்சம் போனால், சித்தப்பாவுக்கு நவம்பரில் மிஞ்சுவது அதன் பிறகுள்ளதுதான். தலைக்கு இவ்வளவு என்று தனித்தனியாக இருக்கிறதா, குடும்பத்துக்கு ஒன்றாக இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். முகாமையாளருக்கே தெரியாமல் இருக்கலாம். ஒப்பந்தப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, இரவு தங்கினால்தான் பணம் என்ற விதி. பெரும்பாலான குழுக் காப்புறுதிகள் விடுதியில் அனுமதிக்கப்பட்டுத் தங்கியதற்குத்தான் கொடுக்கும். கிளினிக்குக்குப் போய் வருவது, ஸ்கான், மாதாந்த மருந்து எல்லாம் வெளிநோயாளர் என்ற வேறு சிறு வரம்புக்குள் விழும். அந்த வரம்பே இல்லாத திட்டங்களும் உண்டு. நீண்டகால நோய்க்காரருக்கு இது பெரிய ஓட்டை. வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோயாளிகள் அதிகம். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறார்கள், காலையில் போய் மாலையில் வீடு. அதைப் ‘பகல்நேரச் சிகிச்சை’ என்று பெயர் சொல்லி ஒப்பந்தத்தில் சேர்த்திருந்தால் கிடைக்கும். சேர்க்காவிட்டால் ஆண்டு முழுவதும் போனாலும் கோரிக்கை திரும்பி வரும்.

பணம் எப்போது வரும் என்பது இன்னொரு விடயம். காப்புறுதிக் கம்பனியோடு உடன்பாடு உள்ள தனியார் வைத்தியசாலையில் கடிதம் காட்டினால் வரம்பு வரைக்கும் கட்டாமல் வரலாம். நான் கையாண்ட பட்டியல்களில் அப்படிப்பட்ட வைத்தியசாலைகள் பெரும்பாலும் கொழும்பில்தான். மற்ற இடங்களில் முதலில் நீங்கள் கட்டுகிறீர்கள், பிறகு மூலப் பில்லை அனுப்புகிறீர்கள், ஆறேழு வாரம் கழித்துக் கணக்குக்கு வருகிறது. அந்த ஆறேழு வாரத்துக்குச் சங்கிலி அடகுக் கடையில் இருக்கும். நுண்கடன்காரனிடம் போனவர்களும் இருக்கிறார்கள். வட்டியைக் கழித்துப் பார்த்தால் காப்புறுதி கொடுத்த தொகை முதற்பக்கத்தில் அச்சடித்த தொகை அல்ல.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் பலர் அறியாமல் விடுகிற ஒன்று இருக்கிறது. அரச வைத்தியசாலையில் தங்கினால், பில் இல்லாவிட்டாலும், நாளொன்றுக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கும் ஏற்பாடு பல குழுத் திட்டங்களில் உண்டு. சிறிய தொகைதான். ஆனாலும் சித்தப்பாவின் ஒன்பது நாளுக்கு அது வந்திருந்தால் பஸ், சாப்பாட்டுச் செலவை ஈடுகட்டியிருக்கும். தம்பி அப்போது பெற்றோரைச் சேர்க்கவில்லை, ஆகவே வரவில்லை. எங்கள் அலுவலகத்தில் சேர்த்திருந்த சிலரும் கேட்பதில்லை. தருமாஸ்பத்திரியில் இருந்ததற்கு எப்படிக் காசு கேட்பது என்று வெட்கப்படுகிறார்கள்! டெங்குவோடு ஆறு நாள் விடுதியில் இருந்த ஒரு தங்கச்சி, நான் மூன்று தடவை சொன்ன பிறகுதான் வைத்தியசாலை கொடுத்த நோய் நிர்ணய அட்டையைக் கொண்டுவந்தாள். பத்திரமாக இருக்கட்டும் என்று அதை லெமினேட் செய்திருந்தாள். காப்புறுதிக்காரர் மூல அட்டையில் முத்திரை குத்த வேண்டும். பிளாஸ்டிக்கின் மேல் மை நிற்கவில்லை, துடைத்தால் போய்விட்டது. மூன்று கடிதம், இரண்டு தொலைபேசி அழைப்புக்குப் பிறகுதான் பணம் வந்தது. இடப்பெயர்வில் எல்லாக் காகிதத்தையும் தொலைத்த ஊர் இது. கையில் கிடைத்ததை லெமினேட் செய்யாதே என்று யாரிடம் சொல்வது?

இனி முகவர் பேசும் தனிக் காப்புறுதி. அவர் சொல்வதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது: கம்பனிக் காப்புறுதி வேலையோடு போய்விடும். அரச சார்பற்ற நிறுவனங்களில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. திட்டம் முடிந்தது, அலுவலகம் மூடியது, அடுத்த நாள் காய்ச்சலுக்குக்கூடக் காப்பு இல்லை. தனிக் காப்புறுதி, கட்டுப்பணம் கட்டும் வரைக்கும் உங்களுடையது.

ஆனால் அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும்: இதற்கு முன்னர் உங்களுக்குக் காயமோ நோயோ சத்திரசிகிச்சையோ ஏற்பட்டதா? வேறு மாவட்டத்தில் அது ஒரு வரிக் கேள்வி. வன்னியில் அது ஒரு வரலாறு. போரில் பட்ட எறிகணைத் துண்டை உடம்பில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போகிறவர்கள், 2009 போரில் ஓலைக் கொட்டிலுக்குள் காயத்துக்குத் தையல் போடப்பட்டவர்கள், செயற்கைக் காலோடு தையல் இயந்திரம் மிதிப்பவர்கள் இங்கே அதிகம். பலரிடம் அந்தச் சிகிச்சைக்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. சில முகவர்கள் “இல்லை என்று போடுங்கள், பிரச்சினை வராது” என்கிறார்கள். கட்டுப்பணம் வாங்கும்போது பிரச்சினை வராதுதான். பத்து ஆண்டு கழித்து முதுகெலும்புச் சத்திரசிகிச்சைக்குக் கோரிக்கை போடும்போது, எக்ஸ்ரேயில் தெரியும் துண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடும். தெரிந்த உண்மையை மறைத்தால் ஒப்பந்தத்தையே செல்லாது என்று சொல்லக் காப்புறுதிக்காரருக்கு வழி இருக்கிறது. சொன்னால் அந்தப் பகுதியை விலக்குவார்கள், அல்லது கட்டுப்பணத்தைக் கூட்டுவார்கள். சொல்வதுதான் வழி, கசப்பானாலும். இருநூறு முந்நூறு பேரைச் சேர்க்கும் கம்பனிக் குழுத் திட்டம் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. முன்னரே இருந்த நோயையும் ஏற்றுக்கொள்கிறது. வன்னிக்காரருக்குக் குழுத் திட்டத்தின் மிகப் பெரிய பெறுமதி இதுதான் என்பேன். 4 இலட்சம் என்ற எழுத்தைவிட இது பெரிது.

இதே காரணத்தால் சித்தப்பாவைத் தனிக் காப்புறுதியில் சேர்க்கும் பேச்சே எடுபடாது. அடைப்பு உள்ள முதியவரை எந்த முகவரும் உண்மையாகச் சேர்க்க முடியாது. தம்பிக்கு, அவன் 33 வயதில், நல்ல உடம்போடு எடுப்பதென்றால் பேச்சு வேறு. அப்போதும் விடுதிச் செலவைத் திருப்பித் தரும் வகையை நான் விரும்பமாட்டேன். அது கம்பனி தருவதை மறுபடி வாங்குவது. ஒரே பில்லுக்கு இரண்டு இடத்தில் முழுப்பணம் வாங்க முடியாது. பெரிய நோய் என்று உறுதியானவுடன் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுக்கும் வகை இருக்கிறது. பில் கேட்காது. புற்றுநோய் வந்து தெல்லிப்பழைக்கோ மகரகமைக்கோ மாதக்கணக்காக அலைகிறவருக்குச் சிகிச்சை இலவசம்; அலைச்சல் இலவசமல்ல, இழந்த சம்பளம் இலவசமல்ல. அந்த மொத்தத் தொகை அங்கேதான் உதவும். எந்தெந்த நோய், எந்த அளவு முற்றினால், நோய் உறுதியாகி எத்தனை நாள் உயிரோடிருந்தால் என்ற மூன்று நிபந்தனையையும் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மருமகளின் கூட்டுறவுக் கணக்கைக் கணக்காகவே போட்டுப் பார்த்தோம். பெற்றோரைச் சேர்த்தால் தம்பிக்குப் பிடிப்பு மாதம் 1,800 ரூபா. ஆண்டுக்கு 21,600, பத்து ஆண்டுக்கு, வட்டியை விட்டால், 2,16,000. பெற்றோருக்கான வரம்பு ஆண்டுக்கு 2 இலட்சம். அதாவது பத்தாவது ஆண்டில்தான் சேமிப்பு, காப்புறுதியின் ஓர் ஆண்டு வரம்பைத் தொடுகிறது. வீட்டில் எல்லோரும் நல்ல உடம்போடு இருந்தால் மருமகள் வெல்வாள், சந்தேகமில்லை. ஆனால் அடைப்பு பத்தாவது ஆண்டுக்காகக் காத்திருக்காது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தனியார் வைத்தியசாலையில் இதய பைபாஸ் சத்திரசிகிச்சை பில் 15 இலட்சம் என்று வைத்துக்கொண்டால், 2 இலட்சம் அதில் எந்த மூலைக்கு? ஆகவே கம்பனிக் காப்புறுதியை நம்பிக் கொழும்புத் தனியார் வைத்தியசாலைக்குப் போகும் கனவை நான் தம்பியிடமிருந்து முதலில் பிடுங்கினேன். 2 இலட்சம் பைபாஸுக்கு அல்ல. வெளியே எடுக்கும் பரிசோதனைகளுக்கும், திகதி தள்ளிப்போனால் அஞ்சியோகிராமைத் தனியாரில் செய்வதற்கும், அரச விடுதியில் கிடக்கும் நாட்களுக்கும். இந்த அளவோடு பார்த்தால் அது நல்ல பொருள்.

2022-க்குப் பிறகு இன்னொரு கோளாறும் சேர்ந்துவிட்டது. ரூபா விழுந்தது, மருந்தும் உபகரணமும் விலை ஏறின, தனியார் பில்கள் ஏறின. பல நிறுவனங்களின் வரம்பு மட்டும் பழைய இடத்தில் நிற்கிறது. ஊழியர் நலக் கூட்டத்தில் சம்பள உயர்வைக் கேட்பவர்கள் இதைக் கேட்பதில்லை. ஒருமுறை கேட்டுப் பாருங்கள். குழுவாகக் கேட்டால் கம்பனிக்கு ஆகும் மேலதிகச் செலவு தலைக்குச் சிறிதுதான்.

அரச உத்தியோகத்தருக்கு அக்ரஹார என்ற மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துவது, சம்பளத்தில் பிடிப்பது, மேலதிகமாகக் கட்டினால் உயர்ந்த படி கிடைப்பது. ‘கவர்ன்மெண்ட் வேலை’ என்று தாய்மார் அடம்பிடிப்பதற்கு ஓய்வூதியத்தோடு இதுவும் ஒரு காரணம். தனியார் ஊழியருக்கு அதில் இடமில்லை என்பதால் இங்கே நீட்டவில்லை.

தனியார் ஊழியர் மறந்துபோகும் ஒன்றைத்தான் நீட்ட வேண்டும். உங்கள் சம்பளத்துக்கு மேல் முதலாளி 3 சதவீதம் கட்டும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம், வேலையை விட்டபின் எடுக்கும் காசு மட்டுமல்ல. உறுப்பினருக்கு இதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்வில்லை பொருத்துதல் ஆகியவற்றுக்கு உதவி தரும் திட்டங்கள் அதில் இருக்கின்றன. அதற்குத் தனியாகக் கட்டுப்பணம் இல்லை. பதினொரு ஆண்டில் அதைத் தாமாகக் கேட்டு என்னிடம் வந்தவர் இருவர். ஊழியர் சேமலாப நிதியத்தில் பத்து ஆண்டு பங்களிப்பும் 3 இலட்சம் ரூபா மீதியும் இருந்தால், வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 சதவீதத்தை ஓய்வுக்கு முன்னரே எடுக்கலாம். அது உங்கள் முதுமைக் காசு, ஆகவே கடைசிக் கதவு. சித்தப்பாவைப் போல எந்த நிதியத்திலும் இல்லாத விவசாயிக்கு, மருத்துவ உதவி தரும் ஜனாதிபதி நிதியம் இருக்கிறது. 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம், கொழும்புக்கு அலையத் தேவையில்லை. குடும்ப வருமானம் பார்ப்பார்கள். சத்திரசிகிச்சைத் திகதி கிடைத்தவுடன், செய்வதற்கு முன்னரே கொண்டுபோய்க் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

தம்பிக்குச் சொன்னது இது. மூன்றாம் கட்டத்தில் கோடு போடு, பெற்றோரோடு. முகவரிடம் விடுதிக் காப்புறுதி வேண்டாம் என்று சொல்; பெரிய நோய்க்கு மொத்தத் தொகை தருவதை மட்டும் சிறிய அளவில் உன் பெயரில் எடு, தோளில் இருக்கும் பழைய காயத்தை ஒளிக்காமல் எழுது. மருமகள் கேட்ட கூட்டுறவுக் கணக்கையும் திற. அதில் 60,000 சேரும்வரை கை வைக்காதே. காப்புறுதி திருப்பித் தரும்வரை முதலில் கட்ட வேண்டிய காசு அதுதான்; சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். மருமகளுக்கு இந்தக் கடைசிப் பகுதி பிடித்தது. முகவருக்கு எதுவும் பிடிக்கவில்லை.

கோடு போட்டுப் படிவத்தை நிரப்பும்போது புதிய சிக்கல் வந்தது. பெற்றோருக்கு வயது எழுபது நிறையக் கூடாது என்பது விதி. சித்தப்பாவின் அடையாள அட்டை இலக்கம் 56 என்று தொடங்குகிறது. அந்தக் கணக்கில் 2026-இல் எழுபது, நடு ஆண்டில் காப்பு அறுந்துவிடும். சித்தப்பா கோபித்துக்கொண்டார். தாய் 1958 இனக்கலவரத்தில் தெற்கிலிருந்து ஓடிவந்து, அடுத்த பங்குனியில்தான் தன்னைப் பெற்றாளாம். அட்டை எடுக்கும்போது யாரோ குத்துமதிப்பாக எழுதியது 56. பிறப்புச் சான்றிதழ் எந்த இடப்பெயர்வில் போனது என்று அவருக்கே தெரியாது. பதிவில் தேடியும் இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் ஏதாவது ஆதாரம் காட்ட வேண்டும்.

சின்னம்மா தகரப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். அடியிலிருந்து ஒரு அட்டை வந்தது. 2009-இல் செட்டிகுளம் முகாமில் பதிந்தபோது கொடுத்தது, ஓரம் மஞ்சளானாலும் லெமினேட் கிழியவில்லை. குடும்பத் தலைவர் பெயருக்கு எதிரே வயது 50 என்று இருக்கிறது. ஒரு உத்தியோகத்தர் வரிசையில் நின்ற சித்தப்பாவிடம் வாயால் கேட்டு எழுதியது. அது செல்லுமா என்று கேட்க, திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுத் தம்பி கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போகிறான்.